காளான் ஊரில் நைனாவுக்கு ஒரு இலை

1

போலந்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஜெர்மனிக்குப் பக்கத்தில் என்று கூடத் தங்கியிருக்கிற ரஃபீக் சொல்வான். செஞ்சியில் யார் கேட்டாலும் என் அம்மா "குளிரு நாடு" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். நான் இங்கே வந்து ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. இதுவரை நான் பார்த்தது ஒரு ஏர்போர்ட், ஒரு பஸ் ஸ்டாண்ட், ஒரு காளான் பண்ணை, பண்ணைக்குப் பின்னால் நாங்கள் தங்குகிற ஹாஸ்டல். மீதிப் போலந்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

வேலை காளான் பறிப்பது. கொட்டகைக்குள் கட்டில் மேல் கட்டில் போட்ட மாதிரி ஆறு அடுக்கு இருக்கும். அடுக்கு முழுக்கக் கறுப்பு மண், அதில் வெள்ளை வெள்ளையாகக் காளான். தலையில் லைட் கட்டிக்கொண்டு, கையில் சின்னக் கத்தியோடு, ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, காம்பை நறுக்கி, டப்பாவில் அடுக்க வேண்டும். விரல் பட்ட தடம் தெரியக் கூடாது. மூட்டை தூக்குகிற வீட்டில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. முதல் வாரம் நான் தொட்டதெல்லாம் கறுத்துப்போனது. சூப்பர்வைசர் ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். திட்டுகிறார் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. புரியாத பாஷையில் திட்டு வாங்குவதில் ஒரு வசதி, மனசில் தங்காது.

மூட்டை தூக்கினவர் என் அப்பா, எங்களுக்கு நைனா. செஞ்சி கமிட்டியில், அதாவது நெல்லும் மல்லாட்டையும் ஏலம் போகிற மார்க்கெட்டில், என் வயசைவிட அதிக வருஷம் தூக்கினார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நைனாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கைப்பிடி மல்லாட்டை இருக்கும். பேசும்போது உடைப்பார், நடக்கும்போது உடைப்பார், லாரி நிழலில் படுப்பதற்கு முன்னால் ரெண்டு உடைப்பார். எங்கள் வீட்டில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம், அங்கே தோல் கிடக்கும். அம்மா தொடப்பத்தோடு பின்னாலேயே போவாள். "மனுசனா நீ, அணிலா?" என்பாள்.

போனில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். சாப்பிட்டியா என்று அம்மா கேட்பாள். எப்போ வருவ என்று தங்கச்சி சத்யா கேட்பாள். நைனா போனை வாங்கியதும், "ஸ்வெட்டர் போட்டுகினியா?" என்பார்.

"போட்டுகினேன் நைனா."

"கழுத்து வரிக்கும் போட்டியா?"

"போட்டேன்."

"சரி, வெய்யி."

அவ்வளவுதான் பேச்சு. தன் ஆயுசில் ஒரு ஸ்வெட்டர் போட்டதில்லை அவர். மார்கழிப் பனியில் தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு கமிட்டிக்குப் போனவர். குளிர் நாட்டில் ஸ்வெட்டர் போடாதவனுக்கு மூக்கு உதிர்ந்துவிடும் என்று கூட வேலை செய்கிற யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

போன ஐப்பசியில் அவர் செத்துப்போனார். நெஞ்சு வலி. இந்த ஐப்பசியில் முதல் வருஷ திவசம் வந்தது. அன்றைக்கு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

அதற்கு முன்னால் போன வருஷத்துக் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரஃபீக்கோடு நான் எதற்குச் சண்டை போட்டேன் என்று புரியாது.

ரஃபீக்கும் செஞ்சிதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் அத்தாவுக்கு மெத்தைக் கடை. ஒன்றாவதில் இருந்து நானும் அவனும் ஒரே பெஞ்ச். நான் ஒன்பதாவதில் நின்றேன். அவன் பத்தாவதில் ரெண்டு தடவை பெயிலாகி நின்றான். "உன்னவிட ஒரு கிளாஸ் ஜாஸ்தி படிச்சவன்டா நான்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வான். போலந்துக்கு முதலில் வந்தவன் அவன். என்னைக் கூப்பிட்டதும் அவன்தான்.

நைனா செத்த அன்று ஊரில் இருந்து எனக்கு யாரும் நிஜத்தைச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரில சேத்துக்குது, சீரியஸா இருக்காரு" என்றார்கள். தூரத்தில் இருக்கிறவனிடம் அப்படித்தான் சொல்வது என்று நம்ம பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரேயடியாகச் சொன்னால் தாங்க மாட்டான், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும் என்று நினைப்பார்கள். நான் நம்பினேன். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து நைனா போனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தேன். "ஸ்வெட்டர் போட்டுகினுதான் இருக்கேன் நைனா, நீ எழுந்து உக்காரு" என்று. அந்த நேரம் அவரை வாசலில் பெஞ்சில் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள்.

ரஃபீக்குக்கு அவன் அண்ணன் விடிந்ததுமே நிஜத்தைச் சொல்லிவிட்டார். அவன் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் அவன் ஷிப்ட் முடிந்து வந்து நாலு பரோட்டா போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து, "துன்னுடா, துன்னுடா" என்று பிய்த்துப் பிய்த்துத் திணித்தான். நாலாவது பரோட்டாவை முடித்து நான் கை கழுவின பிறகுதான் சொன்னான். முதலில் சொல்லியிருந்தால் மூணு நாள் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரியும்.

ஒன்பது நாள் அவனோடு நான் பேசவில்லை. ஊர்க்காரர்கள் மேல் வராத கோபம் அவன் மேல் வந்தது. பத்தாவது நாள் அவனே வந்து எதிரில் நின்று, "நாலு பரோட்டாவுக்கு ஒம்போது நாளாடா?" என்றான். சிரித்துவிட்டேன். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது, அவன் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஆனால் அன்றைக்கு மனசுக்குள் ஒன்று முடிவு செய்தேன். போனில் இனிமேல் யாரிடமும் பொய் சொல்ல மாட்டேன். நல்லதுக்கென்றாலும் சரி.

3

ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். செஞ்சியில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இங்கே தங்க ஒரு கார்டு வேண்டும். பழைய விசா முடிகிற நேரத்தில் கார்டுக்கு எழுதிப் போட வேண்டும். அது வருகிறவரை இங்கேயே இருக்கலாம், வேலை செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஊருக்குப் போனால் மட்டும் திரும்ப உள்ளே வர முடியாது. ரேஷன் கடை வரிசையில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற மாதிரி கிடையாது. ஆள் நகர்ந்தால் இடம் போச்சு. நைனா செத்தபோது நான் எழுதிப் போட்டு மூணு மாசம். இப்போது பதினஞ்சு மாசம். ரஃபீக்குக்கு எப்போதோ வந்துவிட்டது, அவன் ஊருக்குக்கூடப் போய் வந்துவிட்டான். எனக்கு ஆறு கடிதம்தான் வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பேப்பர் குறைகிறது. ஒரு தடவை நான் தங்கியிருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி கேட்டு, நான் தங்கியிருக்கிற விலாசத்துக்கே எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதங்களைப் படித்துச் சொல்கிறவர் ஹலினா அம்மா. ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிறவர். சாவி, சுடுதண்ணி, வாஷிங் மெஷின் எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பது வயசு தாண்டியிருக்கும். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் இந்த நாட்டிலேயே என்னோடு சுத்தத் தமிழில் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அவர் தன் பாஷையில் போனிடம் பேசுவார். போன் அதைத் தமிழாக்கி, செய்தி வாசிக்கிற அம்மா மாதிரி எனக்குச் சொல்லும். வந்த புதிதில் நான் மண் ஷூவோடு உள்ளே போனதற்கு ஹலினா தொண்டை கிழியக் கத்தினார். முகமெல்லாம் சிவந்துபோனது. அவர் கத்தி முடித்ததும் போன் அமைதியாக, "தயவுசெய்து உங்கள் காலணிகளை வெளியே விடவும்" என்றது.

நைனா செத்த வாரம் அவர் ஒரு பானை சூப்போடு என் அறைக்கு வந்தார். சூப்பை வைத்துவிட்டுப் போனை நீட்டினார். "உங்கள் தந்தையின் பெயர் என்ன?" என்று போன் கேட்டது. ஏழுமலை என்றேன். மூணு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எஜுமலாய், எஜுமலாய்." இங்கே அந்தச் சமயத்தில் எல்லோரும் கல்லறைக்குப் போய்க் கண்ணாடிக் கூண்டில் விளக்கு வைப்பார்கள். ஹலினா தன் வீட்டுக்காரருக்கு விளக்கு வைத்தபோது, பக்கத்தில் எங்கள் நைனாவுக்கும் ஒன்று வைத்துவிட்டு வந்தார். அதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள்.

இன்னொருவன் தில், நேபாளம். எங்கள் அறைதான். எனக்குத் தெரிந்த இந்தியும் அவனுக்குத் தெரிந்த இந்தியும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். திவசம் அன்றைக்கு எனக்கு ஷிப்ட் இருந்தது. காக்காய்க்குச் சோறு வைக்க வேண்டும், லீவு கிடைக்கவில்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரில் தீபாவளி சமயத்தில் காக்காய்க்கென்றே ஒரு நாள் உண்டாம், அன்றைக்குக் காக்கா சாப்பிட்ட பிறகுதான் மற்ற வேலையாம். "நீ காக்காவைப் பார், காளானை நான் பார்க்கிறேன்" என்று சொல்லி என் ஷிப்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.

4

காக்கா விஷயத்தில் அம்மா ஒரு வாரம் முன்னாலேயே கட்டளை போட்டுவிட்டாள்.

"தோ பாரு வேலு. கொள்ளி வெக்கத்தான் உனக்குக் குடுத்து வெக்கல, உஞ் சித்தப்பன் மவன் வெச்சான். தெவசத்துக்காச்சும் உங் கையால சோறு போவணும். அங்க நீ வெச்சி, காக்கா எடுத்தப்பறந்தான் நான் வாயில தண்ணி வெப்பேன்."

"ம்மா, இங்கத்திக் காக்கா நம்ம ஊர்க் காக்கா மாதிரி இல்லம்மா."

"காக்கான்னா காக்காதான். அதுல இன்னா நம்ம ஊரு, அவங்க ஊரு?"

அங்கேதான் தப்பு. இங்கேயும் காக்கா மாதிரி பறவை இருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் உழுத நிலத்தில் கூட்டமாக இறங்கும். ஆனால் ஆளைக் கண்டால் பறந்துவிடும். நம்ம ஊர்க் காக்கா மாதிரி ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்துகொண்டு, என்ன இன்னும் ஆகலையா என்று கேட்காது. இங்கே யாரும் அதைக் கூப்பிட்டதும் இல்லை, சோறு போட்டதும் இல்லை. இதையெல்லாம் நான் அம்மாவிடம் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். வெச்சால் வரும் என்று நானும் நம்பிவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் குளித்து, வேட்டி கட்டி, வெற்று மேலோடு சமையல்கட்டுக்குள் போனேன். ரஃபீக் எனக்கு முன்னாலேயே எழுந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். சத்யா வீடியோவில் இருந்துகொண்டு சொல்லச் சொல்ல, சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் ஆனது. வடைக்கு ஓட்டை விழவில்லை. சத்யாவின் மகள் போனுக்குள் தலையை விட்டு, "செல் மாமா, அது போண்டா" என்றாள். நான் போனுக்குள் குடியிருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டு காளான் வறுத்து வெக்கலாமாடா? நம்ம பண்ணைதானே" என்றான் ரஃபீக்.

"நைனாவுக்கு அத்தப் பாத்தாலே ஆவாது. போட்டோ அனுப்புனதுக்கே 'இத்தப் போயி துன்றாங்களா'ன்னு கேட்டவரு."

இலைக்குத்தான் திண்டாட்டம். வாழை இலைக்கு எங்கே போவது? எட்டிப் பார்த்த ஹலினா என்ன தேடுகிறோம் என்று கேட்டார். சொன்னதும் போய் ஒரு பெரிய முட்டைக்கோஸை வெட்டி, வெளி இலையைக் கிழியாமல் உரித்து, கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். கிண்ணம் மாதிரி குழிந்த இலை. சாம்பார் ஓடவே இல்லை. வாழை இலையைவிட இது தேவலாம் என்று எனக்கே தோன்றியது.

5

ஹாஸ்டலுக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மேடை இருக்கிறது. அதன் மேல் இலையை வைத்தேன். கற்பூரம் கிடையாது. ஹலினா கொடுத்த மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கும்பிட்டேன். இங்கே காலை ஏழேகால், செஞ்சியில் பதினொன்றே முக்கால்.

கா... கா... கா... என்று கூப்பிட்டேன்.

செஞ்சியில் அப்போதுதான் மழை விட்டிருந்தது. சத்யா மாடியில் இருந்து காட்டினாள். பின்னால் கோட்டை மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. அங்கே அம்மா இலையை வைத்துத் திரும்புவதற்குள் நாலு காக்கா இறங்கி வடைக்கு அடித்துக்கொண்டன.

"இங்க ஆயிடுச்சி. அங்க?" என்றாள் அம்மா.

"கூப்புடறேம்மா."

ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். ரஃபீக்கும் கூப்பிட்டான். அவனுக்குக் கா கா வரவில்லை, ஆட்டை விரட்டுகிற மாதிரி வந்தது. "எங்க ஊட்ல சாப்பாட்டுக்குக் காக்காவ எதிர்பாக்க மாட்டோம்டா, எனக்கு எப்பிடி வரும்?" என்றான். வயலில் கூட்டமாக இருந்த கறுப்புப் பறவைகள் எங்கள் சத்தத்துக்கு எழுந்து இன்னும் தூரமாகப் போய் உட்கார்ந்தன. ஒரு பூனை வந்து வடையை முகர்ந்து தும்மிவிட்டுப் போனது. இலையை எடுத்துக்கொண்டு வயலுக்கே போனேன். அவை அடுத்த வயலுக்குப் போயின. திரும்பி வந்தேன்.

ஹலினா போனோடு ஓடி வந்தார். "வெளியே ஐந்து டிகிரி. நீங்கள் ஏன் மேலாடை இன்றி, பறவைகளை நோக்கிக் கூச்சலிடுகிறீர்கள்?"

என் நைனா வர வேண்டும் என்று போனிடம் சொன்னேன். அது அவருக்கு என்னவென்று சொன்னதோ தெரியவில்லை. ஹலினா என்னை ஒரு பார்வை பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார். அவரும் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்.

பத்து மணி ஆனது. செஞ்சியில் ரெண்டரை. சத்யா தனியாகப் போன் செய்தாள், குரல் சரியில்லை.

"ண்ணா, அம்மா காலைல சுகர் மாத்திர போட்டுகினு இருக்குதுண்ணா. பழக்க தோசத்துல போட்டுட்டன்னு இப்பத்தான் சொல்லுது. கை நடுங்குது, வேக்குது. ஒரு ஸ்பூன் சக்கரையாச்சும் வாயில போடுன்னா வாயத் தொறக்க மாட்டேங்குது."

அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை இப்படி வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுச் சர்க்கரை இறங்கி, ரேஷன் கடை வரிசையில் விழுந்திருக்கிறாள்.

"அம்மாகிட்ட குடு. ம்மா, சாப்புடும்மா. காக்கா அப்பறம் வரும். உனக்கு இன்னாச்சும் ஆயிடப்போவுது."

"ஒண்ணும் ஆவாது. நீ வெச்சத அவரு எடுக்கட்டும். ஒரு வருசமா உங் கையால ஒரு வாய் இல்லாம இருக்காரு, நான் ஒரு வேள இருக்கக் கூடாதா?"

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. நைனாவாலேயே முடிந்ததில்லை.

ரஃபீக் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "எடுத்துச்சின்னு சொல்லுடா. அம்மா உசுருடா. ஒரு வார்த்த."

"மாட்டேன்."

"நான் சொல்றேன், குடு போன."

"நீ சொல்லுவ. உனக்கு இன்னா? போன வருசம் என்கிட்ட சொன்ன மாதிரி இப்ப அவங்ககிட்ட சொல்லு. மொதல்ல சாப்புட வெச்சிட்டு அப்பறமா நெசத்த சொல்லு."

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. எங்கள் நடுவில் முட்டைக்கோஸ் இலையில் சோறு ஆறிப்போய்க் கிடந்தது.

ஹலினா எழுந்து வந்தார். எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனிடம் நீளமாக ஏதோ பேசினார். போன் சொன்னது: "இந்தப் பறவைகள் அரிசியை அறியாது. இலையுதிர் காலத்தில் அவை கொட்டைகளைத் தேடும். ஓட்டினை உடைத்து உண்ணும். என் வீட்டில் இருக்கிறது. கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். மேலும், நீங்கள் கத்தாமல் உள்ளே சென்றால் நல்லது."

ஒரு மணி நேரம் அம்மா தாங்க மாட்டாள். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

ரஃபீக் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விறுவிறுவென்று அறைக்குள் போனான்.

6

அவன் திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப் பை இருந்தது. சின்னப் பை. வாயில் சணல் கயிற்றை ரெண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு சுருக்குப் போட்டு இறுக்கியிருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். கமிட்டியில் மூட்டை கட்டுகிற முடிச்சு. நைனா எங்கள் ஸ்கூல் பையைக்கூட அப்படித்தான் கட்டித் தருவார், பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும்.

"திட்டாத" என்றான் ரஃபீக். "நான் லீவுக்குப் போனப்ப நைனா ரெண்டு பை குடுத்தாரு, மல்லாட்ட. 'எம் புள்ளைக்குக் குடுடா பாயி'ன்னு. ஒண்ண உன்கிட்ட குடுத்தேன். ஒண்ண நான் வெச்சிகினேன். துன்னலாம்னுதான் வெச்சிகினேன், திருட்டுப் பையன்தானே நான். வந்த மூணாவது வாரம் அவரு போயிட்டாரு. அப்பறம் துன்னவும் முடியல. உன்கிட்ட எப்பிடிக் குடுக்கறதுன்னும் தெரியல. ஒரு வருசமா பெட்டிக்கு அடியில கெடக்குது."

பையை வாங்கி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் சணல் வாசனை, கமிட்டி வாசனை. ரெண்டு கை நிறைய அள்ளிச் சோற்றைச் சுற்றிப் போட்டேன்.

"எல்லாத்தையும் போட்டுட்டியே, எனக்கு நாலு வெக்கக் கூடாதா?" என்றான் ரஃபீக்.

"வாய மூடு, திருட்டு பாயி" என்றேன். அவன் முகம் பழையபடி ஆனது.

ஹலினா எங்களைச் சமையல்கட்டுக்குள் தள்ளிக் கதவைக் கொஞ்சமாகச் சாத்தினார். அந்த இடுக்கில் போனை வைத்து மேடையைக் காட்டினேன். செஞ்சியில் சத்யா அம்மாவுக்கு எதிரில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்தில் மூடி வைத்த தட்டு.

குப்பைத் தொட்டிக்கு மேலே இருக்கிற லைட் கம்பத்தில் இருந்து ஒன்று இறங்கியது. நேராக வரவில்லை. மேடைக்கு ஓரமாக உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்தது. தத்தித் தத்திக் கிட்டே போனது. சோற்றைப் பார்த்தது, தொடவில்லை. வடையைத் தாண்டிப் போனது. ஒரு மல்லாட்டையைக் கொத்தி எடுத்து, காலுக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, டொக் டொக் என்று உடைத்தது. உள்ளே இருந்ததைத் தின்றது. தோலை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தது. அதையும் உடைத்தது. மேடை முழுக்கத் தோல்.

ஹலினா என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல் அழுந்தியது.

"ண்ணா," என்றாள் சத்யா மெதுவாக, "இது இன்னா, கலர் மாறி இருக்குது? தல, ரெக்க, வாலு மட்டும் கறுப்பு. முதுகு, வயிறெல்லாம் சாம்ப கலரா இருக்குதே? இது காக்காதானா?"

இந்த இடத்தில் ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். முடியவில்லை.

"இங்க சில காக்கா இப்பிடித்தான் இருக்கும். ஆனா ம்மா, அது சோத்தத் தொடலம்மா. மல்லாட்டையத்தான் எடுத்துச்சி. நைனா ரஃபீக்கிட்ட குடுத்து உட்ட மல்லாட்ட. நெசத்த சொல்லிட்டேன்."

அம்மா சுவரில் இருந்து எழுந்து போனைக் கிட்டே வாங்கினாள். அவள் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். அது மூன்றாவதை உடைத்தது, நாலாவதை உடைத்தது.

"உங்க நைனா என்னிக்குடா சோத்த மொதல்ல எடுத்தாரு?" என்றாள். "தோல எப்பிடிப் போட்டு வெச்சிக்கிறாரு பாரு. அங்கயும் பெருக்க ஆளு வேணும்." பிறகு சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சத்யா, இங்க பாருடி. குளிரு நாடு இல்ல? ஸ்வெட்டர் போட்டுகினு வந்துக்கிறாரு."

ரஃபீக் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். என்ன சொன்னார்கள் என்று ஹலினா கேட்டார். அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹலினாவே தன் போனை எடுத்து அம்மாவின் குரலுக்குப் பக்கத்தில் பிடித்தார். அது என்னவென்று சொன்னதோ, அவர் காக்காவைப் பார்த்து, "எஜுமலாய்" என்றார்.

சத்யா தட்டைத் திறந்து முதல் வாயை ஊட்டினாள். பாயசத்தைத்தான் முதலில் கொடுத்தாள், கெட்டிக்காரி. ரெண்டாவது வாய், மூணாவது வாய். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அஞ்சாவது வாயில் அம்மாவின் கை தட்டுக்கு வந்தது, அவளே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். நடுக்கம் குறைந்திருந்தது.

வாயில் சோற்றோடு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கதவு இடுக்கில் வந்த காற்றில் நான் வேட்டியோடு வெற்று மேலாக நின்றுகொண்டிருந்தேன்.

"நீ போட்டுகினியாடா?"

"இல்லம்மா."

"போயி போடு. கழுத்து வரிக்கும் போடு. போட்டுகினு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து சாப்புடுங்க. சரி, வெய்யி."